காரணம் என்றொரு கட்டம்

ஏழாம் பதிப்பு வெளியான அன்று எனக்குக் காய்ச்சல். வெளிநாட்டிலிருந்து வந்த மின்னஞ்சலில் வாழ்த்து, நன்றி எல்லாம் சொல்லியிருந்தார்கள். நாற்பத்தொரு புதிய வசதிகளாம், பல நாட்டுத் தன்னார்வலர்களின் ஒரு வருட உழைப்பாம். கடைசியில் 'தமிழாக்கம்: ஜெப்சி, இராமநாதபுரம் மாவட்டம்' என்று இருந்தது. பெயரைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து கிடந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வாக்கியங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த பிறகு இன்னொரு வாக்கியத்தை வாசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

இது எனக்குச் சம்பளம் தரும் வேலை இல்லை. சம்பளம் தங்கச்சிமடத்து இ-சேவை மையத்தில். சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதாரில் கணவன் பெயர் மாற்றம் என்று காலை ஒன்பதரைக்கு வரிசை நிற்கும். சர்வர் வேலை செய்யாத நாளில் அதை நான்தான் முந்தானையில் முடிந்து வைத்திருப்பதுபோலத் திட்டுவார்கள். அந்தத் திட்டுக்கு நடுவே, கிடைக்கிற பத்து நிமிடம், இருபது நிமிடத்தில்தான் பலகை வேலை.

அந்த மென்பொருளுக்கு இருக்கும் வெளிநாட்டுப் பெயர் எங்கள் பக்கம் யார் வாயிலும் நுழையாது. எல்லோரும் பலகை என்றுதான் சொல்வார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வரைபடத்தில் எழுதலாம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று எல்லோரும் பார்க்கலாம். மற்ற ஊர்களில் மரம் எண்ணவும் ரோட்டுப் பள்ளம் குறிக்கவும் இதை வைத்திருக்கிறார்கள். நாங்கள் கடலுக்கு வைத்திருக்கிறோம். இராமேஸ்வரம் தீவிலிருந்து தொண்டி வரை நாற்பத்திரண்டு ஊர், ஆறாயிரம் பேர். கடலுக்கடியில் வலை மாட்டும் இடங்களை, அதாவது முங்கிப்போன படகு, பாறை, இரும்புத் துண்டு எங்கெங்கே கிடக்கிறது என்பதை அவரவர் செல்போனிலிருந்து குறிப்பார்கள். குறித்த இடத்தில் ஒரு மஞ்சள் கொடி நிற்கும். கொடியைப் பார்த்தவர்கள் அங்கே வலை விடாமல் ஒதுங்கிப் போவார்கள். ஏற்பாடு அவ்வளவுதான்.

இதை ஆரம்பித்ததற்குக் காரணம் என் அண்ணன் மரியசெல்வம்.

நான் பிறந்தது திருப்பாலைக்குடிப் பக்கம். பதின்மூன்று வருடத்துக்கு முன் பென்னியைக் கட்டிக்கொண்டு தீவுக்கு வந்தேன். வந்த இரண்டாம் வருடம் அண்ணனும் மூன்று பேரும் அங்கிருந்து ஒரு வள்ளத்தில் இந்தப் பக்கம் தொழிலுக்கு வந்தார்கள். முங்கிக் கிடந்த ஒரு விசைப்படகில் அவர்கள் வலை மாட்டியது. எடுத்துவிட அண்ணன் முங்கினான். மேலே வரவில்லை. கூட வந்தவர்கள் பயத்தில் வலையை அறுத்துக்கொண்டு கரைக்கு ஓடி வந்தார்கள். வள்ளத்தில் ஜிபிஎஸ் கிடையாது, இடம் எது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த விசைப்படகு எங்கே கிடக்கிறது என்று எங்கள் தீவுக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. பென்னியும் மற்றவர்களும் போய் இரண்டு நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

தீவுக்குத் தெரிந்தது என் ஊருக்குத் தெரிந்திருந்தால் அவன் இருந்திருப்பான். அந்த நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டு வருடம் கழித்து இந்த மென்பொருளைத் தேடிப் பிடித்து, கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டேன். நாற்பத்திரண்டு ஊர்ப் பெரியவர்களும் வந்தார்கள். மீன் கிடைக்கும் இடத்தை யாரும் சொல்ல வேண்டாம், அது உங்கள் பிழைப்பு, வலை மாட்டும் இடத்தை மட்டும் எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். காப்பி குடித்தார்கள். முதல் கொடியைப் போட்டது என் வீட்டுக்காரர் பென்னி. அண்ணன் போன இடம்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில் எல்லோரும் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எங்களுக்குக் கல்லறை இல்லை. பென்னி என்னை வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போவார். செல்போனைக் கையில் பிடித்தபடி கொடியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வள்ளம் கொடிக்கு நேரே வந்ததும் சொல்வேன், அவர் எஞ்சினை நிறுத்துவார். ஒரு கூடைச் செவ்வந்தியைக் கடலில் போடுவேன். ஒன்பது வருடமாக இப்படித்தான்.

ஏழாம் பதிப்புக்கு வருகிறேன். அதில் எனக்குப் பிடிக்காத ஒரு வசதி உண்டு. எதை மாற்றினாலும் 'காரணம்' என்று ஒரு கட்டம் வரும். அதை நிரப்பாமல் சேமிக்க முடியாது. எங்கள் ஆட்கள் காரணமெல்லாம் எழுதமாட்டார்கள் என்று மென்பொருள் குழுவுக்கு மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். போகப் போகப் பழகிக்கொள்வார்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. நல்லாப் பழகினார்கள். முதல் வாரத்தில் வந்த முந்நூற்றுச் சொச்சம் காரணங்களில் முக்கால்வாசி வெறும் முற்றுப்புள்ளி. மீதியில் பல 'சும்மா'. ஒருவர் 'உனக்கு எதுக்கு' என்று எழுதியிருந்தார். பென்னியும் புள்ளிக் கட்சிதான். வீட்டிலும் அவர் அதற்கு மேல் பேசுகிறவர் இல்லை.

இருபத்தேழாவது வசதியை நான் கவனித்திருக்க வேண்டும். 'அருகருகே உள்ள ஒரே வகைப் பதிவுகள் ஒன்றாக்கப்பட்டு, அவற்றின் சராசரி இடத்தில் ஒரே கொடி காட்டப்படும்.' நான்கு பேர் ஒரே பாறையைக் கொஞ்சம் முன்னே பின்னே குறித்திருந்தால், இனி நான்கு கொடிக்குப் பதில் நடுவில் ஒரு கொடி. யாரோ ஒருவரின் வருமானச் சான்றிதழுக்கு ஓடிபி வரக் காத்திருந்தபோது அந்த வாக்கியத்தை மொழிபெயர்த்தேன். நல்ல விஷயந்தானே என்று தோன்றியது. காய்ச்சல் விட்ட மறுநாள் புதிய பதிப்பை ஏற்றிவிட்டு, அடுத்த சான்றிதழைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஏற்றிய ஒன்பதாம் நாள் முற்பகலில் சந்தியாகு மாமா மையத்துக்கு வந்தார். பென்னிக்குத் தூரத்து உறவு, எங்கள் தெருவில் மூன்றாவது வீடு, சொந்த வள்ளம் வைத்திருப்பவர். வேட்டியெல்லாம் உப்புப் படிந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். கூட வேலை பார்க்கும் கனகலட்சுமி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள்.

"ஏம்மா ஜெப்சி, பலகையில என்ன பண்ணி வச்சிருக்க?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போடவும் முடியாத அளவுக்குக் களைத்திருந்தார்.

"என்ன மாமா ஆச்சு?"

"எந்தங்கச்சி மகன் சகாயவினோத்த ராம்நாட்டு ஆஸ்பத்திரில சேத்துட்டு வாரேன். வலை மாட்டிருச்சு. எடுக்க முங்குனான். கால் வலைக்குள்ள போயிருச்சு. இன்னொருத்தன் கத்தியோட முங்கி அறுத்துத் தூக்கிட்டு வந்தான். ரெண்டு காதுலயும் ரத்தம். உசுருக்கு ஒண்ணுமில்லங்கிறாக."

 நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். "எங்கன மாமா?"

"அந்த முங்குன போட்டுலதான். கொடி நிக்குதுல்ல, அங்கன."

"கொடி நிக்குற எடத்துல எதுக்கு மாமா வலை விட்டீக? விடக்கூடாதுன்னுதான கொடி?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல. "கொடி நிக்குற எடத்துல முங்குன போட்டு இருக்காதும்மா. ஒம்பது வருசமா நம்ம ஊர்க்காரன் பூராம் அங்கனதான விடுறான். கொடியப் பாத்துட்டு வெளியூர்க்காரன் எவனும் கிட்ட வரமாட்டான். தரை சுத்தமா இருக்கும். போட்டு கால் மைல்லதான் கெடக்கு, அதுல ஒதுங்குற மீனு இங்கிட்டு வரும். இந்த வாரம் என் ஜிபிஎஸ் பெட்டி ரிப்பேரு. செல்லப் பாத்து, கொடிக்கு நேரா விட்டோம். நீ கொடிய நகத்திருக்க."

நான் கம்ப்யூட்டரைத் திருப்பி அந்தக் கொடியின் பழைய வரலாற்றை எடுத்தேன். ஆறாம் பதிப்பு வரை அந்த இடத்தில் நான்கு மஞ்சள் கொடிகள். நான்கு ஊர்க்காரர்கள் போட்டவை. நான்கு தனித்தனிப் பொருள்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கிடப்பது ஒரே படகு. தீவுக்காரர்கள் அதைக் கால் மைல் கிழக்கே தள்ளிக் குறித்திருந்தார்கள். இன்னொரு ஊர் வடக்கே, இன்னொன்று தெற்கே. மேற்கே தள்ளிக் குறித்தது நான் பிறந்த ஊர். நான்கு கொடிக்கும் நடுவே வெறும் தண்ணீராகத் தெரிந்த இடத்தில்தான் படகு கிடந்தது. ஏழாம் பதிப்பு நான்கு பொய்யையும் கூட்டி நாலால் வகுத்து, கொடியைக் கொண்டுபோய்ச் சரியாகப் படகின் மேல் நட்டிருந்தது. பலகை முதல் தடவையாக உண்மையைச் சொல்லி, ஒரு பையனைக் கொல்லப் பார்த்திருக்கிறது.

முங்கிய படகில்தான் மீன் ஒதுங்கும் என்று எனக்குத் தெரியாதா? அப்பா கடலுக்குப் போனவர், அண்ணன் போனவன், புருஷன் போகிறவர். வலை மாட்டும் இடத்தைச் சொல் என்று கேட்பதும் மீன் இருக்கும் இடத்தைச் சொல் என்று கேட்பதும் ஒன்றுதான். நடுக்கடலில் எங்கே மீன்பாடு கிடைத்தது என்று எவன் கேட்டாலும் கொஞ்சம் தள்ளிச் சொல்வதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். பொய் சொன்னேன் என்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட யாரும் அதைச் சொன்னதில்லை. இதெல்லாம் தெரிந்தும், நாற்பத்திரண்டு தலைகள் ஆடியதை நம்பினேன். அண்ணன் செத்த துக்கத்தில் எனக்குப் புத்தி மழுங்கியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கனகலட்சுமி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரமக்குடிக்கு உள்ளே ஒரு சம்சாரி வீட்டுப் பெண், வயலும் வரப்புமாக வளர்ந்தவள். "எங்க ஊர்ல வரப்புக் கல்ல ஒரு அடி தள்ளி நட்டாலே வெட்டுக்குத்து ஆகிப்போகும்க்கா. நீங்க கடல்ல மைல் கணக்குல தள்ளி நட்டிருக்கீக" என்றாள்.

"எல்லா ஊரும் இப்பிடித்தானா மாமா?"

"மத்த ஊரப் பத்தி எனக்கு என்னம்மா தெரியும்? நம்ம ஊருக்குக் கெழக்க கால் மைலு." வீட்டு விலாசம் சொல்வதுபோலச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. "மாமா, கெழக்க நின்ன கொடி பென்னி போட்டதுதான?"

"ஆமா. மொதக் கொடி அவந்தான போட்டான்."

"அந்தக் கொடியிலதான மாமா நாங்க வருசா வருசம் பூப்போடுறோம்."

 சந்தியாகு மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். ஊருக்கே தெரியும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பூக்கூடையோடு கரையில் நான் வள்ளம் ஏறும்போது நின்று பார்த்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

"பழைய கொடிய இருந்த எடத்துலயே போட்ரும்மா. ஊரு நிம்மதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அது சுலபம். 'முந்தைய நிலைக்குத் திரும்பு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதைத் தமிழாக்கியதும் நான்தான். அழுத்தினால் நான்கு பொய்யும் அதனதன் இடத்துக்குப் போய்விடும். பொய் சொன்ன நான்கு ஊரும் தப்பிக்கும். பலகையை நம்பி வருகிற மற்ற முப்பத்தெட்டு ஊர்க்காரர்களில் எவனாவது ஒருவன் நான்கு கொடிக்கும் நடுவே வெறும் தண்ணீர் என்று நினைத்து வலை விடுவான். மாட்டினால் முங்குவான். அவனுக்கும் எங்கோ ஒரு தங்கச்சி இருப்பாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் கரைக்கு நடந்தேன். கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. பென்னி வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் விரிசல் விட்ட இடத்தில் பசை தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டும் பிரஷ்ஷை நிறுத்தவில்லை.

"இங்கேருங்க. எங்கண்ணன் எங்கன கெடக்கான்?" என்று கேட்டேன்.

விரிசலின் மறுமுனை வரை பசையை இழுத்துவிட்டுக் கேட்டார். "சந்தியாகு மாமா சொல்லிட்டாரா?"

"அவர் சொல்லல. பலகை சொல்லிருச்சு."

பிரஷ்ஷை டப்பாவின் மேல் வைத்தார். "அந்த எடம் எனக்கு மட்டும் சொந்தமில்ல ஜெப்சி. இருபத்தாறு வள்ளம் அத நம்பி இருக்கு. நீ மண்டபத்துல கூட்டம் போட்ட அன்னைக்கே ஊர்க்கூட்டத்துல சொல்லிட்டாக, கெழக்க கால் மைல் தள்ளிப் போடுன்னு. நான் என்ன செய்ய?"

"ஊருக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லிருக்கலாம்ல?"

"ஒனக்குச் சொன்னா நீ பலகையில போட்ருவ. ஒங்க ஊருக்காரனுக்கும் சொல்லிருவ."

பதின்மூன்று வருடம் ஒரே அடுப்பில் சமைத்துப் போட்டிருக்கிறேன். இன்னும் எனக்கு ஊர் வேறு. வேறு எந்தச் சொல்லும் அன்றைக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"எங்க ஊருக்காரனுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. அவுக மேக்க தள்ளிப் போட்டிருக்காக" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். எனக்கும் வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால்.

"பூப்போடவாவது சரியான எடத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஒம்பது வருசம். வெறும் தண்ணியிலயா போட்டேன்?"

"எப்பிடிக் கொண்டுபோறது? செல்லக் கையில வச்சுக்கிட்டு, கொடிக்கு நேரா வள்ளம் நிக்குதான்னு பாத்துக்கிட்டே வருவ. கொஞ்சம் வெலகுனாலும் சொல்லுவ." அவர் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னார். "ஒரு வருசம் காலைல போவோம், ஒரு வருசம் மத்தியானம் போவோம். ஏன் ஒரே நேரத்துக்குப் போக மாட்டேங்கிறீகன்னு நீகூடச் சண்டை போட்டிருக்க. நீவாடு மேக்க இழுக்குற நேரமாப் பாத்துத்தான் கூட்டிட்டுப் போவேன். நீ போடுற பூவு அங்கனதான் போகும். நான் நின்னு பாத்திருக்கேன்."

அந்தச் சண்டை எனக்கு நினைவிருந்தது. ஒரு வருடம் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று கத்தியிருக்கிறேன். அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தண்ணீரையே பார்த்தபடி இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையில் கோபம் கரைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இத்தனையும் செய்யத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே என்று கோபம் இரண்டு மடங்காகியது.

மணலில் உட்கார்ந்து செல்போனை எடுத்தேன். அந்தக் கொடியை யாரும் இனி நகர்த்த முடியாதபடி உறுதி செய்யும் பக்கத்தைத் திறந்தேன்.

"போடப் போறியா?" என்றார்.

"போடத்தான் போறேன்."

"நாளைலருந்து எங்கூட வள்ளத்துக்கு ஆளு வரமாட்டான். தெருவுல ஒங்கிட்ட ஒருத்தி பேச மாட்டா."

"தெரியும்."

"மத்த ஊர்க் கொடி?"

"அதுவும் ஒவ்வொண்ணாப் பாக்கணும். இன்னும் முந்நூறு இருக்கு." சொல்லும்போதே அலுப்பாக இருந்தது. திங்கட்கிழமை மையத்தின் வாசலில் சான்றிதழ் வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை நிற்கும். நாற்பத்திரண்டு ஊர்க்காரர்களும் வந்து, எங்கள் பொய்யை மட்டும் திருப்பித் தா என்று கேட்பார்கள்.

 பென்னி பிரஷ்ஷை எடுக்கவில்லை. நான் 'உறுதி செய்' என்பதை அழுத்தினேன். 'காரணம்' என்ற கட்டம் வந்து நின்றது. ஒரு புள்ளி வைத்தால் போதும், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் உப்புக் காற்றில் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். 'எங்கள் அண்ணன் மரியசெல்வம் இங்கே இருக்கிறான்.'

சேமித்தது. கொடி மஞ்சளாகவே நின்றது. கீழே நான் தமிழாக்கிய இன்னொரு வாக்கியம் வந்தது: 'மற்றொருவரும் உறுதி செய்தால் மட்டுமே கொடி சிவப்பாக மாறி நிலைபெறும்.' யார் செய்வார்கள்? தீவில் எவன் செய்வான், என் பிறந்த ஊரில்தான் எவன் செய்வான்? செல்போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும் என்று தெரிந்தது, எழ முடியவில்லை.

பென்னி குனிந்து மணலை அள்ளி, கையில் ஒட்டிய பசையைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். கைலியில் கையைத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் ஏதோ தேடினார். நான் எழுதியதை வாசித்திருக்க வேண்டும், வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு இரண்டு தடவை தட்டிவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு, பிரஷ்ஷைக் கையில் எடுத்தார்.

என் மடியில் கொடி சிவப்பாகியிருந்தது. வரலாற்றைத் திறந்து பார்த்தேன். உறுதி செய்தவர் பென்னி. காரணம் என்ற கட்டத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தார்.